டிராம்பே பக்கத்தில் குடியிருக்கிறோம், ஒரு சந்தேகம்

செம்பூர்க்காரி:
2025 மே 7, ராத்திரி எட்டு மணி. மும்பையில், டிராம்பே அணு ஆராய்ச்சி நிலைய ஊழியர்கள் குடியிருக்கும் அணுசக்தி நகரில் நாத்தனார் வீட்டில் இருந்தோம். போர் ஒத்திகை என்று விளக்கை அணைக்கச் சொல்லியிருந்தார்கள். ட்யூப்லைட், டிவி எல்லாம் அணைத்தாயிற்று. வைஃபை பெட்டியின் நீலப் புள்ளி மட்டும் மினுக்கிக்கொண்டே இருந்தது. மாமியார் தடவிக்கொண்டே போய் அதன்மேல் ஒரு எவர்சில்வர் டபராவைக் கவிழ்த்தார். 1971-ல் மாட்டுங்கா வீட்டு ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் பழுப்புத் தாள் ஒட்டியவர். "அப்போ குண்டு விழுந்தா ஒரு கட்டடம் போகும். இப்போ இருக்கிற குண்டுக்கு விளக்கை அணைச்சு என்னடி ஆகப்போகுது?" என்றார். இருட்டில் என் பையன் கேட்டான்: "முதல் குண்டு இங்கேதானாம்மா?"

இந்தியா, பாகிஸ்தான் என்று ரெண்டு பக்கமும் அணுகுண்டு இருந்தால் போரே வராது என்று நான் ஸ்கூல் கட்டுரையில் எழுதி மார்க் வாங்கியவள். வந்துவிட்டதே! அப்புறம் எதற்கு அது? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வாட்ஸ்அப் ஃபார்வர்டு மட்டும் வேண்டாம். பாகிஸ்தான் அணு ஆயுதம் வைத்திருப்பதாகச் சொல்லப்படும் கிரானா மலையில் கதிர்வீச்சு கசிந்துவிட்டது என்று சில நாள் கழித்து வந்ததையே சர்வதேச அணுசக்தி முகமை இல்லையென்று மறுத்துவிட்டது.

லேத் தாத்தா:
நீங்கள் சொல்லும் டிராம்பேயில்தான் ரிட்டயர் ஆகும்வரை லேத் ஓட்டினேன். என்ன கடைந்தேன் என்று கேட்காதீர்கள். 1974 பொக்ரான் குண்டுக்கான புளுட்டோனியம் இங்கே சைரஸ் அணு உலையிலிருந்து போனது. அமைதிப் பணிக்கென்று கனடா கொடுத்த உலை. 2010 கடைசியில் மூடினார்கள்.

போர் வராது என்பது தப்பு. ஓர் அளவோடு நிற்கும், அவ்வளவுதான். 1998 மே மாதம் ரெண்டு நாடும் குண்டு வெடித்துக் காட்டின. அடுத்த வருஷமே கார்கில். ஆனால் நம் விமானப்படைக்கு, காஷ்மீரில் ரெண்டு நாட்டையும் பிரிக்கும் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டாதே என்று உத்தரவு. இந்தப் பக்கம் பறந்துகொண்டே மலை உச்சியில் குண்டு போட்டார்கள்.

எனக்கு உறுத்துவது இதற்கப்புறம் நடந்தது. 2019-ல் பாகிஸ்தானின் பாலகோட்டில் குண்டு போட்டோம், கோட்டைத் தாண்டியாயிற்று. 2025-ல் பாகிஸ்தானின் பஞ்சாபுக்குள்ளேயே பஹவல்பூர், முரிட்கே, கடைசியில் ராவல்பிண்டி விமானதளம். ஒவ்வொரு தடவையும் ஒரு படி மேலே. 'முதலில் நாங்கள் அணுகுண்டைப் போட மாட்டோம்' என்பது நம் கொள்கை. அவர்கள் அப்படிச் சொல்வதில்லை. எந்தப் படியில் அணுகுண்டை எடுப்பார்கள் என்பதையும் வேண்டுமென்றே மூட்டமாக வைத்திருக்கிறார்கள். அடுத்த தடவை நம்மாட்கள் எந்தப் படியில் கால் வைப்பார்களோ!

பையனுக்கு ஒன்று சொல்லுங்கள். ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்கக் கூடாது என்று 1988-ல் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். 1992 முதல் வருஷாவருஷம் ஜனவரி 1 அன்று ரெண்டு நாடும் அந்த இடங்களின் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. எல்லையில் படை குவிந்திருந்த 2002-லும் அது நிற்கவில்லை.

தாராவி தம்பி:
தாத்தா, பட்டியலெல்லாம் சரி. கை தவறினால்? 2022 மார்ச் 9 அன்று நம் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி பாகிஸ்தானில் மியான் சன்னு பக்கம் விழுந்தது. உள்ளே வெடிமருந்து இல்லை, யாரும் சாகவில்லை. பராமரிப்பு நேரத்தில் தொழில்நுட்பக் கோளாறு என்று டெல்லி ஒத்துக்கொள்ளவே ரெண்டு நாள் ஆனது. அப்புறம் மூன்று அதிகாரிகள் வேலையை விட்டுத் தூக்கப்பட்டார்கள். அந்த ரெண்டு நாளில் யாராவது அவசரப்பட்டிருந்தால்?

அதுக்காகக் குண்டே வேண்டாம்னும் சொல்ல மாட்டேன். சோவியத் உடைந்தபோது தன் மண்ணில் மிஞ்சிய அணுகுண்டுகளை, உக்ரைன் 1994-ல் கையெழுத்துப் போட்டு ரஷ்யாவிடம் ஒப்படைத்தது. 2014-ல் அதே ரஷ்யாவிடம் கிரிமியா போச்சு.

லேத் தாத்தா:
தம்பி, குண்டு உக்ரைன் மண்ணில் இருந்ததே தவிர, ஏவுவதற்கான குறியீடு மாஸ்கோவிடம் இருந்தது. சாவி இல்லாத பீரோ. மியான் சன்னு விஷயத்தில் நீ சொல்வது சரி. அன்றைக்கு அவர்கள் பதறாமல் இருந்தார்கள், நாம் பிழைத்தோம்.

செம்பூர்க்காரி:
ரொம்ப நன்றி. எல்லாவற்றையும் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "பட்டியல்ல இருக்கிற இடத்தை அடிக்க மாட்டான், சரி. பக்கத்துல இருக்கிற செம்பூர் அந்தப் பட்டியல்ல இருக்கா?" என்கிறார். தாத்தா, நீங்களே அவருக்குப் பதில் போடுங்கள்.