காருக்குப் புதுச் சாவி வெட்டியாச்சு, இன்ஜின் 2 நொடியில் நின்னுடுது. சாவியைப் பதியற பின் கோடு (ரகசிய எண்) வாங்க வழி உண்டா?

புதுவரவு22:
பழைய காருக்கு ஒரே சாவிதான் வந்தது. அதைப் பார்த்து இன்னொண்ணு வெட்டினேன். கதவு திறக்குது, இக்னிஷன் திரும்புது. இன்ஜின் பிடிச்ச உடனே அணைஞ்சுடுது, மீட்டர்ல சாவிப் படம் போட்ட லைட் மினுக்குது. ஈஎல்எம்327 (கார் கம்ப்யூட்டரைப் படிக்கிற சின்ன ஸ்கேனர்) மாட்டினா பிழைக் கோடு எதுவும் காட்டலை. ஷோரூம்ல இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லைன்னா இன்ஜினை ஓட விடாத திருட்டுத் தடுப்பு) செட்டையே மாத்தணுமாம். நிஜமா?

சாவிக்கொத்து:
அவசரப்பட்டு மாத்தாதீங்க. கோடு இரண்டு வகை. பல் வெட்டுற கோடு, வண்டி புதுசா வாங்கும்போது சாவியோட வர்ற சின்னத் தகட்டுல இருக்கும். இம்மொபிலைசர் பின் வேற. பல மாடல்ல 4 இலக்கம். உங்களுக்குப் பல் சரி, தலைக்குள்ள சிப் இல்லைன்னு தோணுது. பூட்டைச் சுத்தின காயில், பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ்ல, சிப்பை எழுப்பும். பதில் வரலைன்னா பெட்ரோல் கட்.

சோதிக்க, பழைய சாவியின் தலையைப் பூட்டு வளையத்தோட ஒட்டிப் பிடிச்சுக்கிட்டு புதுச் சாவியைத் திருப்புங்க. வண்டி ஓடினா காயில், இம்மொபிலைசர் யூனிட் இரண்டும் நல்லா இருக்கு. (புதுசுல பதியாத சிப் இருந்தா இரண்டும் ஒண்ணா பேசி இந்தச் சோதனை பொய்க்கும்.)

ஈஎல்எம்327 பொதுவா புகை சம்பந்தப்பட்ட கோடைத்தான் படிக்கும். இம்மொபிலைசர் பேசறது கம்பெனியோட சொந்த பாஷை.

புதுவரவு22:
ஒட்டிப் பிடிச்சேன், ஓடுது! அடுத்து?

கருவிப்பெட்டி:
குளோனிங் (பழைய சாவியின் சிப்பை அப்படியே நகல் எடுக்கறது) முதல்ல கேளுங்க, அதுக்கு பின் கோடு தேவையில்லை. ஆனா காருக்கு இரண்டும் ஒரே சாவி. ஒண்ணு தொலைஞ்சா அதை மட்டும் நீக்க முடியாது. ஏஇஎஸ்ங்கற பலமான குறியாக்கம் உள்ள புது சிப்புகள்ல குளோனிங் பல சமயம் கஷ்டம்.

நகல் எடுக்காம புதுச் சிப்பையே வண்டியில பதியறதுன்னா பின் கோடு வேணும். முதல்ல பழைய ஓனர்கிட்ட அந்தக் கோடு அச்சடிச்ச கார்டு இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா சேஸிஸ் எண், ஆர்சி, அடையாள அட்டை கொடுத்து கம்பெனிக்கு எழுத்துல கேளுங்க. வாய்ல கேட்டா "சிஸ்டத்துல இல்லை"ன்னு முடிச்சுடுவாங்க. அமெரிக்காவில் நாஸ்டஃப் (வண்டி சர்வீஸ் தகவல் கிடைக்க உதவற அமைப்பு) பதிவு பெற்ற பூட்டுக்காரர் வழியா இதே கோடு எடுக்கலாம்.

பதியும்போது சார்ஜர் மாட்டி வைங்க, வோல்டேஜ் இறங்கினா பாதியில் அறுந்துடும். இருக்கிற எல்லாச் சாவியும் கையில இருக்கணும். சில வண்டி காட்டாத சாவியை அழிச்சுடும். தப்பான பின்னைத் திரும்பத் திரும்ப அடிச்சா யூனிட் பூட்டிக்கும்.

சாவிக்கொத்து:
ஃபியட் கிறைஸ்லர்ல 2018 வாக்குல இருந்து செக்யூரிட்டி கேட்வே (வெளிக் கருவிகளைத் தடுக்கிற காவல் யூனிட்) இருக்கு. வெளி ஸ்கேனர் படிக்கும், எழுதணும்னா ஆன்லைன் லாகின் வேணும். இப்படிப்பட்ட வண்டிக்கு வெறும் பின் போதாது.

புதுவரவு22:
கம்பெனி தரமாட்டேன்னா?

கருவிப்பெட்டி:
யூனிட்டைக் கழட்டி உள்ளே இருக்கிற ஈப்ராம்ல (தகவல் சேமிக்கிற மெமரி சிப்) இருந்து பின் எடுக்கறவங்க உண்டு. எழுதறதுக்கு முன்னாடி இரண்டு தடவை படிச்சு, இரண்டு ஃபைலும் ஒண்ணான்னு ஒப்பிடச் சொல்லுங்க. மெமரி சிப்பைப் பிடிக்கிற கிளிப் ஆடினா வர்றது குப்பை. அந்தக் குப்பையைத் திருப்பி எழுதினா, அப்ப நிஜமாவே செட் மாத்தணும்.