கீழக்கரை வீட்டு அலமாரியைப் படமெடுத்த அனுபவம்

பழைய கையெழுத்துப் பிரதிகளை டிஜிட்டல் படங்களாக்குவது என்றதும் எந்தக் கேமரா வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். அது கடைசிக் கவலை.

ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊரான கீழக்கரையில் ஒரு மரக்காயர் வீடு. அலமாரியில் அரபுத்தமிழ்க் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) கையெழுத்துப் பிரதிகள், பழைய வியாபாரப் பேரேடுகள். வீட்டுக்குப் பெரியவரான உம்மா முதலிலேயே சொல்லிவிட்டார்: "எதுவும் வாசப்படி தாண்டக் கூடாது தம்பி. இங்கேயே வச்சு எடுத்துக்கங்க." மற்றதெல்லாம் அதற்கேற்பத் திட்டமிட்டதுதான். எவற்றைப் படமெடுக்கலாம், எந்தப் படங்களை வெளியிடலாம், யாருக்குப் பிரதி என்பதைத் தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே அலமாரியைத் திறந்தோம்.

தைத்த புத்தகத்தை ஸ்கேனரில் கவிழ்த்து அமுக்கினால் முதுகு பிளந்துவிடும். ஆகவே குர்ஆன் வைத்து ஓதும் பலகை மாதிரி, பாதி மட்டும் விரியும் தாங்கி ஒன்றைத் தச்சரிடம் செய்துகொண்டோம். மேலே கேமரா, இருபுறமும் எல்இடி விளக்கு, ஓரத்தில் நிறத்தையும் அளவையும் சரிபார்க்க வண்ண அட்டையும் அளவுகோலும். ஃபிளாஷ் கிடையாது. லாட்ஜில் ஏசி அறையில் வைத்திருந்த கேமராவைக் கடற்காற்றுக்குக் கொண்டுவந்ததும் லென்ஸில் ஆவி படியும். பையைத் திறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவிட வேண்டும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க!

நேரத்தைத் தின்றது மையும் பூச்சியும். இரும்பு கலந்த மை சில இடங்களில் தாளையே அரித்திருந்தது. மிச்சத்தை ராமபாணப் பூச்சி பார்த்துக்கொண்டது. அப்படியே படமெடுத்தால் ஓட்டை வழியே அடுத்த தாளின் எழுத்து தெரியும், படிப்பவர் அதையும் சேர்த்துப் படித்துவிடுவார். ஒவ்வொரு தாளுக்கும் அடியில் வெறும் தாள் ஒன்றைச் செருகி, எடுத்து, உருவி, மறுபடி செருகி... பொறுமை இல்லாதவர்கள் இந்த வேலைக்கு வரவே வேண்டாம்.

அரபுத்தமிழ் வலமிருந்து இடம் போகும். கோப்பு எண்ணும் அந்த வரிசையில்தான் ஓட வேண்டும். பக்க எண் இல்லாவிட்டால் என்ன செய்வது? பக்கத்தின் அடியில், அடுத்த பக்கத்தின் முதல் சொல்லை எழுதி வைத்திருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு போனால் எங்கே தாள் காணாமல் போயிருக்கிறது என்பது வரை தெரிந்துவிடும். தலைப்பையும் ஹிஜ்ரி ஆண்டையும் மதரஸா உஸ்தாத் ஒருவர் படித்துச் சொன்னார். ஹிஜ்ரியை அப்படியே பதிந்து, ஆங்கில ஆண்டைத் தனிக் கட்டத்தில் போட்டோம்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 24 மெகாபிக்சல் படம், சுருக்காத 8 பிட் டிஃப் (TIFF) படக்கோப்பாக ஏறத்தாழ 72 எம்பி. ஆயிரம் பக்கத்துக்கு 72 ஜிபி. மூன்று பிரதிகள் வைத்தோம்: ஒன்று குடும்பத்திடம், ஒன்று எங்களிடம், ஒன்று மதுரையில். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியையே கடல் கொண்டுபோன மாவட்டம் இது. எல்லாப் பிரதியையும் கரையோரத்தில் வைப்பது புத்திசாலித்தனமில்லை.

பேரேடுகளில் ஒரு சிக்கல். யார் யார் எவ்வளவு கடன் பாக்கி என்று பெயரோடு இருக்கிறது, அந்தக் குடும்பங்கள் இன்றும் அதே தெருக்களில் இருக்கின்றன. படமெடுத்துவிட்டோம், இணையத்தில் ஏற்றவில்லை. ஆராய்ச்சியாளர் ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார். உம்மாவைக் கேட்டு வாருங்கள் என்றேன். அவர் கேட்டார். உம்மா டீ கொடுத்து அனுப்பிவிட்டார்.