புதிதாக பைக் ஓட்டும்போது வரும் பதற்றம்: சிக்னலில் அணைந்துபோகும் வண்டி, வளைவில் வரும் பயம்

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நாற்பது வயதை நெருங்கும் நான் அண்மையில்தான் ஓட்டுநர் உரிமம் பெற்று, 125 சிசி பைக் ஒன்றை ஓட்டத் தொடங்கியிருக்கிறேன். காலியான மைதானத்தில் ஓரளவு நன்றாகவே ஓட்டுகிறேன். ஆனால் சாலையில் சிக்னலில் நின்று, பச்சை விளக்கு விழுந்தவுடன் பின்னால் இருப்பவர் ஹாரன் அடித்துவிட்டால் போதும், கிளட்சைப் படக்கென்று விட்டுவிடுகிறேன். வண்டி ஒரு குலுக்கலுடன் அணைந்துபோகிறது. மறுபடி ஸ்டார்ட் செய்வதற்குள் உள்ளங்கை வியர்த்துக் கை நடுங்குகிறது. வளைவுகளில் வேறொரு தொல்லை. எதிரே லாரி வந்தால் கண் அதிலேயே நிலைத்துவிடுகிறது, என் வண்டியும் அதை நோக்கியே போகிறது. “ஓட்ட ஓட்டத்தான் பயம் தெளியும், தைரியமாகப் பெரிய சாலைக்கு வா” என்கிறார் அண்ணன். இந்தப் பயத்தோடு போவதே ஆபத்தாகிவிடுமோ என்று எனக்குத் தோன்றுகிறது. பயப்படுகிறவர்கள் பைக் ஓட்டலாமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

முதல் பதில்

வணக்கம் சகோதரி. புதியவர்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். தாராளமாக ஓட்டலாம். பயமே இல்லாமல் முதல் வாரத்திலேயே வேகமெடுப்பவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உங்கள் பயத்தில் பெரும்பகுதி கிளட்சில் இருக்கிறது. அது கைப்பழக்கம் தொடர்பானது. பழகினால் உறுதியாகத் தீரும்.

கிளட்ச் லீவரை முழுவதும் பிடித்தால் எஞ்சினுக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது; முழுவதும் விட்டால் இணைந்துவிடுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, கிளட்ச் தட்டுகள் ஒன்றோடொன்று உராய்ந்தபடி எஞ்சினின் இழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சக்கரத்துக்குக் கடத்தும் ஓர் இடம் உண்டு. ஒவ்வொரு வண்டியிலும் அது லீவரின் வெவ்வேறு தூரத்தில் இருக்கும். உங்கள் வண்டியில் அது எங்கே இருக்கிறது என்று உங்கள் இடக்கை விரல்களுக்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான். சமதளத்தில் இரு கால்களையும் ஊன்றி, முதல் கியர் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் லீவரை மிக மெதுவாக விடுங்கள். எஞ்சினின் ஓசை சற்றுத் தாழும், வண்டி முன்னே நகரப் பார்க்கும். அந்த இடத்தில் விரல்களை நிறுத்தி, வண்டி ஓரடி நகர்ந்ததும் மீண்டும் லீவரைப் பிடித்துவிடுங்கள். சலிக்கும்வரை இதையே செய்யுங்கள். பிறகு அதே இடத்தில் லீவரை நிறுத்தி, ஆக்சிலரேட்டரைச் சிறிதளவு கொடுத்து, ஒருவர் நடக்கும் வேகத்தில் நேர்கோட்டில் ஓட்டிப் பாருங்கள். மெதுவாக ஓட்டுவதுதான் கடினமான வித்தை. வேகம் கூடினால் வண்டி தானே நிமிர்ந்து நிற்கும்.

சிக்னலில் வண்டி அணைந்துவிட்டால் அவசரப்படத் தேவையில்லை. முன்பிரேக்கைப் பிடியுங்கள், கிளட்சை முழுவதும் பிடியுங்கள், ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்துங்கள். பெரும்பாலான வண்டிகள் கியரில் இருந்தாலும் கிளட்சைப் பிடித்தால் ஸ்டார்ட் ஆகிவிடும். நியூட்ரலைத் தேடிக் காலால் துழாவ வேண்டியதில்லை. இந்த வரிசையையும் மைதானத்திலேயே, வேண்டுமென்றே வண்டியை அணைத்து அணைத்துப் பழகுங்கள். ஹாரன் அடிப்பவர் சில நொடிகள் காத்திருப்பதால் யாருக்கும் எந்த இழப்பும் இல்லை.

அண்ணன் சொல்வதில் பாதி சரி. சாலையில் ஓட்டித்தான் சாலையைக் கற்க முடியும். ஆனால் எந்தச் சாலை, எந்த நேரம் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். போக்குவரத்து குறைந்த நேரத்தில், தெரிந்த சாலையில், இரண்டு மூன்று சிக்னல்கள் மட்டும் உள்ள ஒரு சுற்றைத் தேர்ந்தெடுத்து, அது சலித்துப்போகும் வரை ஓட்டிவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

இரண்டாவது பதில்

மேலே நண்பர் கிளட்சைப் பற்றி எழுதிவிட்டதால், வளைவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பல ஆண்டுகளாக பைக் ஓட்டும் பெண் என்பதால், நீங்கள் சொல்லும் அந்த லாரி எனக்கும் நன்றாகத் தெரியும்!

கண் எங்கே நிலைக்கிறதோ, வண்டி அங்கே போகும். இது உங்கள் குறை அன்று, மனித உடலின் இயல்பு. ஆகவே, பார்க்கக் கூடாததைப் பார்க்காமல் இருக்க முயல்வதைவிட, பார்க்க வேண்டிய இடத்தைக் கண்ணுக்குக் கொடுத்துவிடுவதுதான் எளிது. வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்து, தகுந்த கியருக்கு வந்துவிடுங்கள். பிறகு முகவாயையே திருப்பி, வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள். லாரி ஓரக்கண்ணில் தெரியும், அது போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பயத்தில் ஹேண்டில்பாரை இறுகப் பிடித்தால் கைகள் மரக்கட்டையாகிவிடும், வண்டி திரும்ப மறுக்கும். முழங்கால்களால் பெட்ரோல் டேங்கை அணைத்து, உடலின் பாரத்தைக் கால்களுக்குக் கொடுங்கள், முழங்கைகள் தளர்ந்திருக்கட்டும். நடைவேகத்தைத் தாண்டி ஓடும் வண்டியை வலப்பக்கம் சாய்க்க வேண்டுமானால், வலது கைப்பிடியை மெல்ல முன்னோக்கித் தள்ள வேண்டும், இடப்பக்கத்துக்கு இடதுகைப்பிடி. கேட்கும்போது முரணாகத் தோன்றும். ஆனால் அகலமான காலி இடத்தில், மிதமான வேகத்தில், மிக இலேசாகத் தள்ளிப் பார்த்தால் வண்டி உடனே பதில் சொல்லும். கைகள் இறுகியிருப்பவர், தன்னையறியாமல் எதிர்ப்பக்கக் கைப்பிடியையும் சேர்த்துத் தள்ளிவிடுவதால்தான் வண்டி வளைவில் அகன்று போகிறது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு பொறுமையாக எனக்கு யாரும் சொன்னதில்லை. ஒரே ஓர் ஐயம்: முன்பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழுந்துவிடுவோம் என்று பலரும் சொல்லிவிட்டதால், நான் பின்பிரேக்கை மட்டுமே பயன்படுத்தி வருகிறேன். அது சரியா?

மூன்றாவது பதில்

சரியில்லை அம்மா, இந்தப் பழக்கத்தை இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்சக்கரத்தின் மீது சாய்கிறது. பாரம் ஏறிய டயருக்குத்தான் சாலையைப் பற்றும் வலிமை அதிகம். பாரம் குறைந்த பின்சக்கரமோ எளிதில் பூட்டிக்கொண்டு வழுக்கும். எனவே வண்டியை நிறுத்தும் வேலையின் பெரும்பகுதியை முன்பிரேக்தான் செய்ய முடியும். லீவரை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. முதலில் இலேசாகப் பிடித்து, முன்பக்கம் தாழ்ந்து அமர்ந்ததை உணர்ந்த பிறகு அழுத்தத்தைக் கூட்டுங்கள். காலால் பின்பிரேக்கும் உடன் வரட்டும். ஒரே ஒரு விலக்கு: மிக மெதுவாகப் போய்க்கொண்டு ஹேண்டில்பாரைத் திருப்பியிருக்கும்போதும், மணல் பரவிய இடத்திலும் முன்பிரேக்கை அழுத்திப் பிடித்தால் வண்டி சாய்ந்துவிடும். அங்கே பின்பிரேக்கே போதும். முன்பிரேக்குக்குக் கெட்ட பெயர் வந்ததே இப்படி விழுந்தவர்களால்தான் என்பது என் கருத்து.

ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளரின் குழு லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட அறிக்கையிலும் இதே செய்தி இருக்கிறது: விபத்துக்குள்ளான பலர் பின்சக்கரம் வழுக்கும் அளவுக்குப் பின்பிரேக்கை மிதித்தார்கள், முன்பிரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை. அவர்களுள் 92 விழுக்காட்டினர் தாமாகவோ, குடும்பத்தினர் நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். அண்ணன் மீது உங்களுக்குள்ள மதிப்பு குறைய வேண்டியதில்லை, ஆனால் முறையான பயிற்சி வகுப்பு ஒன்றில் சேர வாய்ப்பிருந்தால் தவறவிடாதீர்கள்.

வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், பிரேக்கை எட்டும் அந்த ஒரு நொடியிலேயே வண்டி ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகிறது. முன்செல்லும் வண்டி ஒரு கம்பத்தைக் கடந்தபின் நீங்கள் அதை அடைய இரண்டு நொடிகளாவது ஆக வேண்டும். ஈரச் சாலையில் அதையும் இரட்டிப்பாக்குங்கள். மழை தொடங்கிய சிறிது நேரம் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் மிதப்பதால் இன்னும் வழுக்கும். வெள்ளைக் கோடுகளின் மீதும் பாதாளச் சாக்கடை மூடிகளின் மீதும் பிரேக் பிடிக்காதீர்கள்.

நான்காவது பதில்

சுருக்கமாக மூன்று செய்திகள். சிக்னலில் நிற்கும்போது இரு பாதங்களும் தரையில் நன்றாகப் படிகின்றனவா என்று பாருங்கள். நுனிக்கால்தான் எட்டுகிறது என்றால் இருக்கையின் உயரத்தைக் குறைக்க முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள், பாதிப் பதற்றம் அதிலேயே குறையும். ஹெல்மெட் முகம் முழுவதையும் மூடுவதாகவும், தலையை ஆட்டினால் கன்னத்தோல் அதனோடு சேர்ந்து அசையும் அளவுக்கு இறுக்கமாகவும் இருக்கட்டும். வாரைப் பூட்டாத ஹெல்மெட் விபத்தில் கழன்று போய்விடும். உங்கள் ஓட்டம் சீராகும் வரை, யார் கேட்டாலும் பின்னால் ஆள் ஏற்றாதீர்கள். பின்னிருப்பவரின் எடை, வண்டி நிற்கும் தூரத்தையும் வளைவில் சாயும் விதத்தையும் மாற்றிவிடும். பிறகு ஏற்றும்போதும், முதலில் அந்த மைதானத்திலேயே அவரை உட்கார வைத்துக் கிளட்சையும் பிரேக்கையும் மீண்டும் பழகிக்கொள்ளுங்கள்.