அனபெல் இரண்டாம் படம்: கடைசி அரை மணித்தியாலம் கெடுத்ததா?

இரவுக்காட்சி:
பொம்மைப் பேய்ப்படமான முதல் அனபெல் (2014) பிடிக்காததால், 2017 இல் வந்த ‘அனபெல் கிரியேஷன்’ பக்கமே போகாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து பாருங்கள். கதைப்படி இது முதல் படத்துக்கு முந்தியது. பொம்மை செய்கிற மலின்ஸின் சின்ன மகள் வாகனம் மோதி இறந்துபோகிறாள், 12 வருடம் கழித்து அந்தப் பண்ணை வீட்டுக்கு ஒரு கன்னியாஸ்திரி சிஸ்டரும் ஆறு அநாதைப் பிள்ளைகளும் குடிவருகிறார்கள். இயக்குநர் டேவிட் சாண்ட்பெர்க்குக்கு அவசரமே இல்லை. அந்தப் பிள்ளைகளில் போலியோவால் கால் பாதிக்கப்பட்ட ஜேனிஸ் மாடிக்குப் போய்வர, படிக்கட்டோடு ஓடுகிற ஒரு நாற்காலி இருக்கிறது. முதலில் அதை நிதானமாகக் காட்டிவிடுகிறார். பிறகு உயிர்தப்ப அவள் அதில்தான் ஏறியாக வேண்டும், அது ஊர்கிற வேகத்தைப் பார்க்க நமக்குக் கைகால் பதறுகிறது.

கொட்டாஞ்சேனைப் பொடியன்:
நாற்காலிக் காட்சியை யார் மறுத்தது அண்ணா? அதற்குப் பிறகு வருவதைச் சொல்லுங்கள். வெருளி, கிணறு, சாப்பாடு ஏற்றி இறக்குகிற குட்டி லிஃப்ட் என்று ஒரே இரவில் ஆளுக்கொரு பேய். கொம்பும் நகமுமாக அந்தப் பிசாசை முழுதாகக் காட்டியவுடனேயே எனக்குப் பயம் போய்விட்டது. போதாததற்குத் திருமதி மலின்ஸ் கட்டிலில் இருந்தபடி சிஸ்டருக்கு முழுக்கதையும் சொல்கிறார்: மகளைத் திரும்பப் பார்க்க எந்தச் சக்தியையும் மன்றாடினோம், வந்தது மகள் இல்லை, பொம்மையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினோம் என்று. அந்த அலுமாரிக்குள் சுவரெல்லாம் பைபிள் தாள் ஒட்டியிருந்ததை முதலிலேயே பார்த்துவிட்டோமே! அதைவிட என்ன விளக்கம் வேண்டும்? அப்புறம், படத்தின் பெயருக்குரிய பொம்மை சும்மாவே உட்கார்ந்திருக்கிறது.

தெஹிவளை அக்கா:
தம்பி, பொம்மை சும்மா உட்கார்ந்திருப்பதுதான் பலம். எழும்பி ஓடினால் அது வேறு படம். என்னுடைய குறை அதன் முகம். பேய் விவகாரங்களை ஆராய்ந்த அமெரிக்க வாரன் தம்பதியிடம் இருந்த உண்மையான பொம்மை சாதாரணத் துணிப்பொம்மை, சிவப்பு நூல் முடி, சிரித்த முகம். படத்தில் இருப்பதைப் பார்த்தால் எந்தத் தாயும் பிள்ளையின் கையில் கொடுக்க மாட்டாள். நம் வீட்டு ஹோலில் சோகேசுக்குள் இருக்கிற பொம்மை மாதிரி ஒன்றை வைத்திருந்தால் இரவு தண்ணீர் குடிக்கவும் எழும்பியிருக்க மாட்டோம்.

இரவுக்காட்சி:
அக்கா, முகம் பற்றிச் சொன்னது சரி. ஆனால் தம்பி, வெருளியை மற்றதோடு சேர்த்துத் தள்ளினாலும் ஜேனிஸின் தோழி லிண்டாவின் விளையாட்டுத் துப்பாக்கியை மறக்காதீர்கள். கயிற்றில் கட்டிய பந்தை இருட்டுக்குள் சுடுகிறாள், கயிற்றைச் சுற்றி மெதுவாகத் திரும்ப இழுக்கிறாள். மறுமுனையில் யார் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணத்தை நம் தலைக்குள் போட்டுவிட்டு அந்தக் கயிற்றையே பார்க்க வைக்கிறார் இயக்குநர். கொழும்புக் காலி வீதி பஸ் ஹோர்னுக்கு நடுவில் போனில் பார்த்தால் இது விளங்காது, விளக்கை அணைத்து நல்ல ஹெட்போனோடு பாருங்கள்.

கொட்டாஞ்சேனைப் பொடியன்:
நான் ஹெட்போனோடுதான் பார்த்தேன் அண்ணா. அந்தத் துப்பாக்கி மாதிரி நான்கு காட்சி இருந்தால் போதும், மிச்சத்தை வெட்டியிருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். முடிவும் அப்படித்தான். ஜேனிஸ் தன் பெயர் அனபெல் என்று சொல்லி வேறு குடும்பத்துக்குத் தத்துப்போகிறாள், எல்லாம் முதல் படத்தோடு முடிச்சுப் போடுவதற்காக.

தெஹிவளை அக்கா:
எனக்கு அந்த முடிச்சு பிடித்தது. ஆனால் லிண்டாவை விட்டுவிட்டார்கள், அதுதான் கோபம். தத்துப்போனால் இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குத்தான் என்று பேசிவைத்த பிள்ளைகள் அவர்கள். ஜேனிஸ் பேய் பிடித்து மாறிவிட்டாள் என்று முதலில் கண்டுபிடித்ததும் லிண்டாதான். 2019 இல் வந்த மூன்றாவது படம் வாரன் வீட்டுக்குப் போய்விட்டது, இந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. லிண்டாவாக லூலு வில்சன் அவ்வளவு நன்றாக நடித்திருக்கிறாள், அவளை வைத்தே அடுத்த கதையை எடுத்திருக்க வேண்டும்.