ஏர் பிஸ்டல் குறி சிதறுகிறது: பேரல் தயாரிப்பில் குறையா?

எண்ணூர் ரோடு:
வணக்கம். திருவொற்றியூரில் இருக்கிறேன். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுட ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. போன மாதம் பழைய மேட்ச் பிஸ்டல் ஒன்று வாங்கினேன். கை ஆடுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். சந்தேகம் தீரட்டும் என்று ரேஞ்சில் கிளாம்பில் பூட்டி 5 பெல்லட் (ஈயக் குண்டு) சுட்டால், ஓட்டைகள் 25 மி.மீ. அகலத்துக்குப் பரவிக் கிடக்கின்றன. பத்துப் புள்ளி வட்டமே 11.5 மி.மீ.தானே! விற்றவரைக் கேட்டால், "பட்டன் ரைஃபிளிங் பேரல், அப்படித்தான் இருக்கும்" என்கிறார். ரைஃபிளிங் என்றால் பேரல் (குழல்) துளைக்குள் போடும் சுருள் வரிப்பள்ளம் என்று மட்டும் தெரியும். வியாசர்பாடியில் லேத் வைத்திருக்கும் சித்தப்பா, "நுனியில ஒரு ஃபேஸிங் அடிச்சா (முனையைத் தட்டையா சீவினா) சரியாயிடும்" என்கிறார். கொடுக்கலாமா?

பழைய டர்னர்:
தம்பி, சித்தப்பாவிடம் இப்போதைக்குக் கொடுக்காதே. லேத்தின் மூன்று தாடைப் பிடியில் (சக்) பிடித்தால் பேரலின் வெளிப்பக்கம்தான் சென்டர் ஆகும். துளை சென்டர் ஆகாது. டயல் கேஜ் (நுண்ணளவு காட்டும் முள் கருவி) வைத்துத் துளையையே சென்டர் பார்க்காமல் பேரல் நுனியின் வாயைச் சீவினால், இருப்பதும் கெடும்.

விற்றவர் சொன்னது சால்ஜாப்பு. கார்பைட் பட்டனை, அதாவது வரி பதித்த கடினமான குமிழைத் துளைக்குள் இழுத்தால், அது இரும்பை வெட்டாமல் நசுக்கியே வரிப்பள்ளம் போடும். ஒரு நிமிஷ வேலை. கட் ரைஃபிளிங்கில் முடியைவிட மெல்லிசாகச் சீவிச் சீவி எடுக்க வேண்டும், மணிக்கணக்கு ஆகும். அதனால் பட்டன் மட்டம் என்று ஆகிவிடாது. ஜெர்மனியின் லோதர் வால்தர் மேட்ச் பேரல்களே பட்டன் முறையில்தான் வருகின்றன. ஒன்றுதான்: நசுக்கியதால் இரும்புக்குள் இறுக்கம் நிற்கும். அதைச் சூடேற்றித் தணிக்காமல் வெளிப்பக்கத்தைக் கடைந்தால் துளை ஒரு இடத்தில் விரியும், ஒரு இடத்தில் இறுகும். எந்த முறை என்பதைவிட, துளை கடைசி வரை ஒரே அளவில் இருக்கிறதா என்பதுதான் கணக்கு.

மாலைப் பயிற்சி:
கிளாம்ப் எதைப் பிடித்திருந்தது, பேரலையா பாடியையா? பேரலை நெருக்கினாலே குறி மாறும். பெல்லட்டையும் மாற்றிப் பாருங்கள். 4.49, 4.50, 4.52 என்று தலை அளவு வித்தியாசத்தில் கிடைக்கும். ஒரு பேரலுக்கு ஒத்துவருவது இன்னொன்றுக்கு வராது.

எண்ணூர் ரோடு:
பாடியைத்தான் பிடித்தேன் சார். மூன்று அளவிலும் சுட்டாச்சு, கொஞ்சம் குறைந்து 21.

பழைய டர்னர்:
அப்போ வாயைப் பார். பிஸ்டல் காலியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியை நுனித் துளையில் வைத்து, உள்ளிருந்து வெளியே இழு. சுற்றிலும் ஒவ்வொரு பக்கமாக. நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே பிசிறு. பெல்லட் வெளியேறும் நொடியில் அந்த ஒரு பக்கமாகக் காற்று முந்திப் பீறிட்டால், அதன் வால் தட்டுப்பட்டுச் சாயும். மற்ற நீளமெல்லாம் சுத்தமாக இருந்தும் பிரயோஜனமில்லை.

வாசிப்பவன்:
குறுக்கே வருகிறேன். போலீஸ் 9 மி.மீ. பிஸ்டலுக்கும் இதேதானா?

மாலைப் பயிற்சி:
வாய் விஷயம் எல்லாவற்றுக்கும் பொது. ஆனால் பெரும்பாலான 9 மி.மீ. பிஸ்டல்களில் ஒவ்வொரு வெடிக்கும் பேரல் சாய்ந்து திரும்பி வந்து பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்காரவில்லை என்றால், எந்த ரைஃபிளிங்கும் காப்பாற்றாது. க்ளாக் என்ற பிரபல பிஸ்டலின் பேரலெல்லாம் சுத்தியலால் அடித்து உருவாக்குபவைதான். வரி பதித்த கம்பி மேல் குழாயை வைத்து நாலாபக்கமும் அடிப்பார்கள். ஏர் பிஸ்டலில் பேரல் அசையாது, அந்தத் தொல்லை இல்லை.

எண்ணூர் ரோடு:
அண்ணே, பஞ்சு மாட்டியது! நாலு மணி முள் இருக்கும் இடத்தில். லென்ஸ் வைத்துப் பார்த்தால் சின்ன நசுங்கல், பக்கத்தில் துருப்புள்ளி. எங்கள் பக்கத்துக் கடல்காற்றுக்குக் கேட்கவா வேண்டும்! இறக்குமதி செய்பவரின் சர்வீஸுக்கு அனுப்பினேன், வாயைச் சரிசெய்து தந்தார்கள். நேற்று அதே கிளாம்ப், 4.50 பெல்லட்: ஐந்தும் 8 மி.மீ.க்குள். சித்தப்பாதான் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.