பொக்லைன் சூடானா செல்ஃப் எடுக்கல, மோட்டாரைப் பிரிச்சு வேலை பார்த்தும் அதே கதை

கரூர் குவாரி:
வணக்கம் அண்ணன்மாரே. க.பரமத்தி பக்கம் ஜல்லி குவாரியில என்னோட 20 டன் பொக்லைன் ஓடுது. இருக்கிறது ஒரே வண்டி, இன்னும் 14 மாசம் டியூ பாக்கி. ஆறு சிலிண்டர் இன்ஜின், 24 வோல்ட், இன்ஜினைச் சுத்திக் கிளப்புற செல்ஃப் மோட்டார் 4.5 கிலோவாட்.

காலையில சாவி திருப்பினா உடனே எடுத்துக்குது. மத்தியானம் சாப்பாட்டுக்கு ஆஃப் பண்ணிட்டுத் திரும்பி வந்தா 'டிக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். எத்தனை தடவை திருப்பினாலும் 'டிக்' மட்டும். முக்கால் மணி நேரம் ஆறவிட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி எடுத்துக்கும். அதுவரைக்கும் டிப்பர் ஆறேழு வரிசை கட்டி நிக்கும், கிரஷர்ல இருந்து போன் மேல போன் வரும்.

பேட்டரி ரெண்டும் புதுசு போட்டாச்சு, சரியாகல. செல்ஃபைக் கழட்டிக் கடையில குடுத்து பிரஷ், புஷ், சொலினாய்டு எல்லாம் மாத்தினேன், 9,500 ரூபாய் ஆச்சு. பத்து நாள் நல்லா ஓடுச்சு, பதினோராம் நாள் மறுபடியும் அதே 'டிக்'. இப்ப புது செல்ஃபே வாங்கிடுங்கன்னு சொல்றாங்க. ஆபரேட்டர் பையன் ஆஃப் பண்ணவே பயந்து மத்தியானம் பூரா வண்டியை ஐடிலிங்ல விட்டுடறான், டீசல் சும்மா எரியுது. புதுசு வாங்கறதுக்கு முன்னாடி வேற என்ன பார்க்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டிப்பர்காரன்:
எர்த் கேபிளைப் பாருங்க ப்ரோ. அவசரத்துக்குப் பெரிய ஸ்க்ரூடிரைவர் வெச்சு செல்ஃப்ல இருக்கிற ரெண்டு பெரிய போல்ட்டையும் சேர்த்துத் தொடுங்க, எடுத்துரும். பல பேர் அப்படித்தான் பண்றாங்க.

பழைய எலக்ட்ரீஷியன்:
தம்பி டிப்பர்காரன், முதல்ல உங்களுக்குச் சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க. நான் சங்ககிரியில 31 வருஷம் செல்ஃப், டைனமோ வேலை மட்டுமே பார்த்தவன். ஒரு லோடர் கியர்ல நின்னது தெரியாம, கீழ நின்னு, பெரிய போல்ட்டையும் சின்ன டெர்மினலையும் சேர்த்து ஸ்க்ரூடிரைவர் போட்டாரு ஒரு டிரைவர். இன்ஜின் எடுத்த வேகத்துல வண்டி நகர்ந்து அவர் இடது கால் மேல ஏறிடுச்சு. அந்த ஸ்க்ரூடிரைவர் இன்னும் என் கடைச் சுவத்துல ஆணியில தொங்குது. முனை உருகி வேப்பங்கொட்டை மாதிரி உருண்டு போயிருக்கும். வேலைக்குப் புதுசா வர்ற பசங்களுக்கு முதல் நாள் அதைத்தான் எடுத்துக் காட்டுவேன். சீட்ல ஆள் இல்லாம, கீழ இருந்து எந்த வண்டியையும் எடுக்கக் கூடாது. இன்னொண்ணு, அந்த ரெண்டு பெரிய போல்ட்டையும் சேர்த்தா மோட்டார் மட்டும்தான் சுத்தும். பெண்டிக்ஸை, அதாவது செல்ஃப் முனையில இருக்கிற சின்னப் பல் சக்கரத்தை, வெளிய தள்றது சொலினாய்டுங்கிற காந்தச் சுவிட்ச். அதை ஒதுக்கிட்டா பல்லு, இன்ஜின் ஃப்ளைவீலைச் சுத்தி இருக்கிற ரிங் கியர்ல மாட்டவே மாட்டாது.

இப்ப கரூர் தம்பிக்கு வர்றேன். நீங்க எழுதினதுல எனக்கு முக்கியமாப் படறது அந்த 'டிக்'. அது யாரோட சத்தம்னு பார்த்தீங்களா? செல்ஃப் சொலினாய்டு அடிச்சா 'டக்'னு கனமா, சுத்தியல்ல தட்டின மாதிரி இருக்கும், மோட்டார் பாடியில கை வெச்சா அதிர்வு தெரியும். சாவிக்கும் செல்ஃபுக்கும் நடுவுல இருக்கிற ஸ்டார்ட்டர் ரிலே அடிச்சா 'டிக்'னு லேசா, சுவிட்ச் போட்ட மாதிரி இருக்கும். நாளைக்கு வண்டி மக்கர் பண்ணும்போது ஆபரேட்டரைச் சாவி திருப்பச் சொல்லிட்டு ரிலே மேல ஒரு விரல் வெச்சுப் பாருங்க. சத்தம் அங்க இருந்து வந்துட்டு செல்ஃப் சும்மா கிடந்துச்சுன்னா, மோட்டாருக்கு உத்தரவே சரியாப் போய்ச் சேரலைன்னு அர்த்தம். உத்தரவு போகாத மோட்டாரை எத்தனை தடவை பிரிச்சு என்ன பிரயோசனம்?

கனமான ஒரே 'டக்'கோட நின்னா சொலினாய்டு உள்ள இருக்கிற காப்பர் கான்டாக்ட் கருகியிருக்கும், இல்ல பிரஷ் தேஞ்சிருக்கும், இல்ல இன்ஜினே இறுகியிருக்கும். 'டடடட'ன்னு படபடத்தா பேட்டரி, கேபிள், எர்த் இதுல ஏதோ பலவீனம். மோட்டார் 'விர்ர்'னு சுத்தியும் இன்ஜின் சுத்தலைன்னா பெண்டிக்ஸ்.

மல்டிமீட்டர் ஒண்ணு எடுத்து டிசி வோல்ட்ல வைங்க. வயர் அறுந்திருக்கான்னு பார்க்கிற கன்டின்யுட்டி பீப் வேண்டாம். நூறு இழை கேபிள்ல ரெண்டு இழை மிச்சம் இருந்தாக்கூட மீட்டர் பீப் அடிக்கும், நாமளும் கேபிள் நல்லா இருக்குன்னு நம்பிடுவோம். 300 ஆம்பியர் ஓடற இடத்துல 0.01 ஓம் தடை இருந்தா அங்கேயே 3 வோல்ட் போயிடும், 900 வாட் சூடாகும். அதாவது ஒரு இஸ்திரிப் பெட்டி சூடு. அதனால சாவி திருப்பிப் பிடிச்சிருக்கும்போதே அளந்தாத்தான் உண்மை தெரியும்.

பக்கெட்டைத் தரையில இறக்கி, சேஃப்டி லீவரை லாக் பண்ணி, ஆபரேட்டரை சீட்ல உட்கார வைங்க. ஃபேன் பக்கம் யார் கையும் போகக் கூடாது. காலையில ஒரு தடவை, மத்தியானம் எடுக்காதப்ப ஒரு தடவை இதெல்லாம் எழுதிட்டு வாங்க. ஒவ்வொரு பேட்டரியும் தனித்தனியா எவ்வளவு காட்டுது. சாவி திருப்பும்போது ரெண்டும் சேர்ந்து எவ்வளவுக்கு இறங்குது. பாசிட்டிவ் போஸ்ட்டுக்கும் செல்ஃப்ல கெட்டிக் கேபிள் ஏறுற போல்ட்டுக்கும் நடுவுல எவ்வளவு. நெகட்டிவ் போஸ்ட்டுக்கும் செல்ஃப் பாடிக்கும் நடுவுல எவ்வளவு. கடைசியா, செல்ஃப்ல மெல்லிய வயர் வர்ற சின்ன டெர்மினல்ல, பாடியை வெச்சுப் பார்த்தா எவ்வளவு. அந்த டெர்மினல்ல '50'ன்னோ 'S'ன்னோ எழுதியிருக்கும். மீட்டர் முள்ளை பேட்டரியோட ஈயப் போஸ்ட்லயே குத்துங்க, கேபிள் முனையில இருக்கிற லக்குல குத்தாதீங்க. போஸ்ட்டுக்கும் லக்குக்கும் நடுவுல இருக்கிற குறை அப்பத்தான் தெரியும்.

கரூர் குவாரி:
ரொம்ப நன்றிங்கய்யா. ரெண்டு நாள் எடுத்துக்கிட்டு எல்லாம் எழுதி வெச்சிருக்கேன்.

பேட்டரி ஒண்ணு 12.7, இன்னொண்ணு 12.3. காலையில ஸ்டார்ட் பண்ணும்போது ரெண்டும் சேர்ந்து 21.8. பாசிட்டிவ் கேபிள்ல 0.4, எர்த் பக்கம் 0.3. சின்ன டெர்மினல்ல 20 கிட்ட காட்டிட்டு இன்ஜின் எடுத்துருச்சு.

மத்தியானம் எடுக்காதப்ப பேட்டரி 25லருந்து 24.6க்குத்தான் இறங்குச்சு. கெட்டிக் கேபிள் ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட பூஜ்யம். சின்ன டெர்மினல்ல 16.2.

நீங்க சொன்ன மாதிரி 'டிக்' கேபினுக்குப் பின்னாடி ரிலேயில இருந்துதான் வருதுங்க. செல்ஃப்ல கை வெச்சா அதிர்வே இல்ல. இத்தனை நாள் அது செல்ஃப் சத்தம்னே நினைச்சிட்டு இருந்தேன்.

பழைய எலக்ட்ரீஷியன்:
அருமையா அளந்திருக்கீங்க தம்பி. மோட்டார் மேல குத்தம் இல்ல. புதுசு வாங்காதீங்க.

பேட்டரி 24.6லயே நிக்குதுன்னா மோட்டார் சுத்தறதுக்கான ஆம்பியரை எடுக்கவே இல்ல. பெரிய ஓட்டமே இல்லாதப்ப கெட்டிக் கேபிள்ல பூஜ்யம் காட்டறது பெரிய விஷயம் இல்ல. காலையில சுத்தும்போது 0.4, 0.3ன்னு வந்தது பாருங்க, அதுதான் கேபிளுக்கு நல்ல சர்டிபிகேட். 24 வோல்ட் வண்டியில ஒரு பக்கம் 1 வோல்ட்டைத் தாண்டினாத்தான் நான் கேபிளைக் கழட்டுவேன்.

குறை எல்லாம் அந்த 16.2லதான் இருக்கு. சொலினாய்டுக்குள்ள ரெண்டு சுருள். ஒண்ணு இழுக்கிற சுருள், இன்னொண்ணு பிடிச்சு வெச்சுக்கிற சுருள். இழுக்கிற சுருள் பிளஞ்சர்ங்கிற இரும்புத் தண்டை உள்ள இழுக்கிற வரைக்கும் நிறைய ஆம்பியர் குடிக்கும், இந்த அளவு மோட்டார்ல பல பத்து ஆம்பியர் போகும். பெரிய கான்டாக்ட் ஒட்டினதும் அந்தச் சுருளோட ரெண்டு முனையிலயும் ஒரே வோல்ட் வந்து அது தானா ஓய்ஞ்சிரும். அந்த ஒரு நொடிக்குள்ள தேவையான ஆம்பியரைக் கொண்டு வந்து சேர்க்கிறதுதான் மெல்லிய வயரோட வேலை. உங்க வண்டியில அதுதான் நடக்கல.

சூட்டுல மட்டும் ஏன்னு கேட்பீங்க. காப்பர் சூடாக ஆகத் தடை ஏறும், ஒவ்வொரு டிகிரிக்கும் கிட்டத்தட்ட 0.4 சதவீதம். காலையில 25 டிகிரியில இருந்த சுருள், மத்தியானம் இன்ஜின் ஓரத்துல 90 டிகிரி ஆச்சுன்னா தடை கால்வாசி கூடிரும். வோல்ட்டும் 20லருந்து 16க்கு விழுந்துருச்சு. ரெண்டும் சேர்ந்தா சுருள்ல ஓடற கரண்ட் காலையில ஓடினதுல மூணுல ரெண்டு பங்குதான். ஸ்பிரிங்கை எதிர்த்து இழுக்க அது பத்தாது. முக்கால் மணி நேரத்துல சுருள் ஆறும், திரும்ப இழுக்கும். செல்ஃப் வேலை பார்த்ததும் பத்து நாள் ஓடுச்சே, அதுவும் இதனாலதான். புது சொலினாய்டுல பிளஞ்சர் வழுக்கிட்டுப் போகும், குறைஞ்ச வோல்ட்லயும் இழுத்துரும். குவாரித் தூசி கொஞ்சம் ஏறினதும் பழைய கதை.

இப்ப அந்த 8 வோல்ட் எங்க போச்சுன்னு தேடணும். சாவியை 3 நொடிக்கு மேல பிடிக்கச் சொல்லாதீங்க. இழுக்காத நிலையில பிடிச்சுக்கிட்டே இருந்தா அந்தச் சுருள் வெந்துரும். பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து ரிலே இன்புட் வரைக்கும் ஒரு அளவு, ரிலேயோட இன்புட், அவுட்புட் நடுவுல ஒரு அளவு, அவுட்புட்ல இருந்து செல்ஃப் சின்ன டெர்மினல் வரைக்கும் ஒரு அளவு.

அந்த 12.7, 12.3 வித்தியாசத்துக்கு ஒரு கேள்வி. கேபின்ல ஃபேன், பாட்டு செட்டு எதுக்காவது ஒரே பேட்டரியில இருந்து 12 வோல்ட் எடுத்திருக்கீங்களா?

ராக் பிரேக்கர்:
ஐயா, நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க லோடர் நாலு சிலிண்டர். பத்துல ரெண்டு தடவை செல்ஃப் 'கரகர'ன்னு அரைக்குது. ஃபேனைக் கையால கொஞ்சம் திருப்பிவிட்டா எடுத்துக்குது. பெண்டிக்ஸ் புதுசுதான்.

பழைய எலக்ட்ரீஷியன்:
உங்களுது ரிங் கியர் தம்பி. இன்ஜின் நினைச்ச இடத்துல எல்லாம் நிக்காது, ஒரு சிலிண்டர் கம்ப்ரஷனுக்கு ஏறும்போது எதிர்த்து நிக்கும். நாலு சிலிண்டர்னா ஒரு சுத்துக்கு ரெண்டு இடம், ஆறுன்னா மூணு இடம். பெண்டிக்ஸ் எப்பவும் அந்த இடத்துப் பல்லுலயே மோதுறதால அங்க மட்டும் தேயும். செல்ஃபைக் கழட்டி, டார்ச் அடிச்சு ஃப்ளைவீலை முழுசா ஒரு சுத்து சுத்திப் பாருங்க. எதிரெதிர் ரெண்டு இடத்துல பல்லு முனை மழுங்கியிருக்கும். அதைத் தள்ளிப் போட்டீங்கன்னா புது பெண்டிக்ஸையும் தின்னுரும். திருப்பறதுக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவைக் கழட்டி வைங்க, ஃபேனைப் பிடிச்சுத் திருப்பாதீங்க, கிராங்க் புல்லி போல்ட்ல ஸ்பேனர் போட்டுத் திருப்புங்க.

கரூர் குவாரி:
ஐயா, கண்டுபிடிச்சாச்சுங்க!

ரிலே இன்புட் வரைக்கும் 0.5. ரிலேக்குள்ள மட்டும் 5.2. ரிலேல இருந்து செல்ஃபுக்கு 2.7. ரிலேயைப் பிரிச்சுப் பார்த்தோம், கான்டாக்ட் ரெண்டும் அடுப்புக்கரி மாதிரி கருத்து, நடுவுல குழி விழுந்து கிடக்கு. செல்ஃபுக்குப் போற வயரைத் தொட்டுக்கிட்டே போனா, டர்போவுக்குக் கீழ ஒரு இடத்துல டேப் சுத்தியிருக்கு. டேப்பைப் பிரிச்சா உள்ள ஒல்லியான வேற வயரை முறுக்கி ஜாயின்ட் போட்டிருக்காங்க, காப்பர் பூரா பச்சை பூத்துப்போய் கையில உதிருது. நான் இதை வாங்கறதுக்கு முன்னாடியே யாரோ பண்ணின வேலை.

புது ரிலே போட்டு, ரிலேல இருந்து செல்ஃப் வரைக்கும் ஜாயின்ட் இல்லாம 6 ஸ்கொயர் எம்.எம். வயர் ஒரே துண்டா இழுத்து, லக்கை அழுத்திப் பொருத்தி, டர்போ பக்கம் ஸ்லீவ் போட்டாச்சு. மொத்தம் 1,400 ரூபாய்.

நேத்து மத்தியானம் ரெண்டு மணி, நல்ல வெயில். ஆஃப் பண்ணிட்டுப் பத்து நிமிஷத்துலயே சாவி திருப்பச் சொன்னேன். இழுக்கிற நேரத்துல சின்ன டெர்மினல்ல 23.1. 'டக்'னு கனமான சத்தம், உடனே எடுத்துருச்சு. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பையனுக்கு முகம் பூரா சிரிப்பு. நாலு தடவை ஆஃப் பண்ணிப் பண்ணி எடுத்தான்.

ஃபேனும் பாட்டு செட்டும் ஒரே பேட்டரியிலதான் இருக்குங்க. அது எப்படி உங்களுக்குத் தெரிஞ்சுது?

பழைய எலக்ட்ரீஷியன்:
மனசுக்கு நிறைவா இருக்கு தம்பி.

ரெண்டும் ஒரே நாள் வாங்கின பேட்டரி, ஒண்ணு மட்டும் 0.4 குறையுதுன்னா அதை மட்டும் யாரோ தனியா உறிஞ்சுறாங்க. டைனமோ ரெண்டையும் சேர்த்து 28 வோல்ட்னு பார்த்துத்தான் சார்ஜ் ஏத்தும். ஒண்ணு காலியா இருந்தா அதுக்குப் பத்தாது, இன்னொண்ணுக்கு மிஞ்சிப்போய் தண்ணி காயும். 24ல இருந்து 12க்கு இறக்குற கன்வெர்ட்டர் கடையில கிடைக்கும், ஃபேனையும் செட்டையும் அதுல மாத்துங்க. மாத்தினதும் குறைஞ்ச பேட்டரியைத் தனியாக் கழட்டி முழுசா சார்ஜ் ஏத்திட்டு மாட்டுங்க. கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில.

அந்த சொலினாய்டு இத்தனை நாள் குறைஞ்ச வோல்ட்ல கிடந்து வெந்திருக்கு. அடுத்த மாசம் ஒரு மத்தியானம் அதே சின்ன டெர்மினல்ல இன்னொரு தடவை அளந்து இங்க எழுதுங்க.