புதுப்பிப்பு: எஞ்சின் மாற்றிய கொரோலா ஸ்டார்ட் ஆகிவிட்டது

பரந்தனில் நானும் மச்சானும் பழைய கொரோலாவுக்கு வேறொரு 5ஏ எஞ்சின் இறக்கிய பிறகு, சாவி திருப்பினால் ஸ்டார்ட்டர் முனகுவதோடு சரி என்று போன கிழமை எழுதியிருந்தேன். பற்றரியைப் பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தேன், 12.5 வோல்ட் இருந்தது; பற்றரியில் பிழையில்லை.

நேற்று மச்சான் சாவியைத் திருப்ப, நான் தற்செயலாக அக்சிலரேட்டர் கேபிளில் கை வைத்தேன். சுட்டது! எர்த் (எஞ்சினிலிருந்து பற்றரி மைனசுக்குத் திரும்பும் வழி) கிடைக்காத கரண்ட் அந்த மெல்லிய கேபிள் வழியாகத்தான் ஓடியிருக்கிறது. ஸ்டார்ட்டர் சுற்றும்போதே எஞ்சின் புளொக்குக்கும் பற்றரி மைனசுக்கும் இடையில் மீட்டர் வைத்தேன். அரை வோல்ட்டைத் தாண்டக்கூடாது, 4 காட்டியது. எர்த் வயரைப் பழைய எஞ்சினோடேயே கழற்றிப் போட்டிருக்கிறோம்.

கிளிநொச்சியில் தடித்த வயர் வாங்கி, புளொக்கில் பெயின்டை வெள்ளை இரும்பு தெரியுமட்டும் சுரண்டிப் பூட்டினோம். நன்றாகச் சுற்றியது, ஆனால் பற்றவில்லை. பிளக் வயர் இரண்டு மாறியிருந்தது. சிலிண்டர்கள் பற்றும் 1-3-4-2 ஒழுங்கில் மாட்டியதும் பிடித்துவிட்டது. வண்டிச் சத்தம் கேட்டு அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தா. யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.